கர்ட்டன் கல்லூரி கண்ட எமிலி அம்மையார்

காலையில் நம் காலனி வாயிலில் கல்லூரிப் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்களைக் காணுந்தோறும் எனக்கு ஓர் ஆங்கில மூதாட்டியின் நினைவு எழுவதுண்டு. பெண்களுக்கென ஒரு கல்லூரியையே எழுப்பிய அவ்வம்மையார், தாம் எந்தக் கல்லூரியிலும் மாணவியாக அமர்ந்தவரல்லர்.

எமிலி டேவிஸ் 1830-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் சௌதாம்ப்டனில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ மத குரு. தமையனார் லுவெலின் கேம்பிரிட்ஜ் சென்று டிரினிடி கல்லூரியில் பயின்றார். தங்கைக்கோ பெரும்பாலும் வீடே பள்ளி. ஒரே கூரையின் கீழ் நிலவிய இவ்வேற்றுமை அவர் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. தந்தையார் மறைந்தபின், 1862-இல் அன்னையாருடன் லண்டனில் குடியேறினார். மருத்துவம் பயில விழைந்த தம் தோழி எலிசபெத் காரெட்டுக்கு லண்டன் பல்கலைக் கழகம் கதவடைத்ததையும் அருகிருந்து கண்டார்.

1866-இல் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி ஏறத்தாழ 1,500 மகளிர் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை, ஜான் ஸ்டூவர்ட் மில்லிடம் சேர்க்கப் பாராளுமன்றத்துக்கு எடுத்துச் சென்றவர்கள் இவ்விருவரே. பிறர் கண்ணில் படாதிருக்க, ஆப்பிள் விற்கும் கிழவி ஒருத்தியின் கடையில் அந்தச் சுருளை ஒளித்து வைத்தனர் என்பர். ஆயினும் வாக்குரிமைக் கிளர்ச்சியால் கல்விப் பணிக்கு ஊறு நேருமென அஞ்சி, எமிலி விரைவில் அதனின்று விலகிக்கொண்டார்.

1869-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், ஹிட்சின் என்னும் சிற்றூரில் ஒரு வாடகை வீட்டில் ஐந்தே மாணவியருடன் கல்லூரி தொடங்கிற்று. ஆசிரியர்கள் கேம்பிரிட்ஜிலிருந்து இரயிலேறி வந்து பாடம் நடத்தினர். பார்பரா போடிஷான் அம்மையார் 1,000 பவுன் அளிக்க முன்வந்தார். பெண்களுக்கெனத் தனியே எளிய தேர்வு அமைக்கலாமென நல்லெண்ணம் படைத்த பேராசிரியர் சிலரே கூறினர். எமிலி இணங்கவில்லை. ஆடவர் எழுதும் அதே தேர்வு, அதே கால எல்லை, அதே கிரேக்கமும் இலத்தீனும் வேண்டுமென்றார். சலுகையாகக் கிடைக்கும் கல்வி தாழ்ந்த கல்வியாகவே மதிக்கப்படும் என்பது அவர் துணிபு. கிரேக்க எழுத்தையே அறியாது வந்த பெண்களுக்கு இது பெருஞ்சுமைதான். கண்டிப்பும் சற்று மிகுதி. மாணவியர் ஆண் வேடமிட்டு ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகளை நடித்தபோது, ஊரார் வாய்க்கு அஞ்சி அம்மையார் சினந்தார். அன்று அவர் சற்றே விட்டுக்கொடுத்திருக்கலாமென்றே எனக்குத் தோன்றுகிறது.

எனினும் தேர்வுப் பிடிவாதம் வென்றது. 1873-இல் மூன்று மாணவியர் ஆடவர்க்குரிய அதே வினாத்தாள்களுக்கு விடையெழுதித் தேறினர். அவ்வாண்டிலேயே கேம்பிரிட்ஜுக்கு இரண்டரை மைல் தொலைவிலுள்ள கர்ட்டனில் சொந்தக் கட்டடம் எழுந்தது. நம் கவிக்குயில் சரோஜினி தேவியாரும் பிற்காலத்தில் அங்கே பயின்றவரே.

1881-இல் பல்கலைக் கழகம் பெண்களை முறைப்படி தேர்வுக்கு ஏற்றது. ஆனால் பட்டம் தரவில்லை! அதற்கான தீர்மானம் 1897-இல் தோற்றபோது, சைக்கிளேறிய பெண்ணுருவம் ஒன்றைத் தெருவில் கட்டித் தொங்கவிட்டு இளைஞர்கள் ஆரவாரித்தனர்.

1918-இல், 88-ஆம் வயதில், எமிலி அம்மையார் பொதுத்தேர்தலில் வாக்களித்தார். 1921 ஜூலை 13-இல் மறைந்தார். அவ்வாண்டு இறுதியில் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பெயரளவுப் பட்டம் மட்டும் வழங்க இசைந்தது. உரிமையோடு கூடிய முழுப் பட்டம் 1948-இல்தான் கைவந்தது. 1979-இல் கர்ட்டன் கல்லூரி ஆண் மாணவர்களுக்கும் கதவு திறந்தது.