காயம்பட்டவருக்கு முழுச் சம்பளம்: 1884இல் கேட்ட லோகாண்டே

பஞ்சாலையில் விரல் போனால் வேலையும் போகும். 1880களின் பம்பாயில் இதுதான் நடைமுறை. காயத்துக்கு ஆலை முதலாளி பணம் தர வேண்டும் என்று அன்றைய தொழிற்சாலைச் சட்டம் சொல்லவில்லை. அந்தக் காலத்திலேயே அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்டவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியாகக் கருதப்படுபவர். மகாராஷ்டிராவில் நன்கு அறியப்பட்ட இந்தப் பெயர் நம்மில் பலருக்குப் புதிதாக இருக்கலாம்.

1848இல் தானே நகரில் பிறந்தார் லோகாண்டே. பூ பயிரிடும் மாலி சமூகத்தைச் சேர்ந்த எளிய குடும்பம். மெட்ரிக்குலேஷன் வரை படித்தார். ரயில்வேயிலும் அஞ்சல் துறையிலும் வேலை பார்த்த பிறகு, பம்பாய் மாண்ட்வியில் ஒரு பஞ்சாலையின் கிடங்குப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். ஆலை வாழ்க்கையை அவர் நேரில் பார்த்தது அங்கேதான். ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜத்தில் இணைந்திருந்த அவர், 1880இல் ‘தீனபந்து’ இதழின் பொறுப்பை ஏற்று பம்பாயிலிருந்து வெளியிட்டார்.

அன்றைய ஆலையை இன்றைய தொழிற்சாலை போல் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டாரும் அவசரப் பொத்தானும் அப்போது கிடையாது. ஒரே நீராவி எஞ்சின், கூரையோரம் சுழலும் நீண்ட இரும்புத் தண்டுகள், அவற்றிலிருந்து இறங்கும் தோல் வார்கள் ஆகியவைதான் ஆலை முழுவதையும் ஓட்டின. பஞ்சுத் தூசி உருளைகளிலும் பற்சக்கரங்களிலும் அடைந்துகொண்டே இருக்கும். துடைக்காவிட்டால் நூல் அறும். நிறுத்தினால் உற்பத்தி குறையும். அதனால் ஓடும் இயந்திரத்துக்குள்ளேயே கைவிட்டுத் துடைத்தார்கள், எண்ணெய் போட்டார்கள். தளர்ந்த வேட்டி நுனி வாரில் சிக்கினாலே போதும், ஆளையும் சேர்த்து இழுத்துவிடும்.

1881இல் வந்த முதல் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி போடச் சொன்னது. குழந்தைகளின் வேலை நேரத்தைக் குறைத்தது. பெரியவர்களின் வேலை நேரம், ஓய்வு பற்றி எதுவும் சொல்லவில்லை.

1884 செப்டம்பரில் லோகாண்டே பம்பாயில் ஆலைத் தொழிலாளர் கூட்டங்களை நடத்தினார். அரசு அமைத்திருந்த தொழிற்சாலை ஆணையத்திடம் கொடுப்பதற்காக எழுதப்பட்ட மனுவில் சுமார் 5,500 பேர் கையொப்பமிட்டனர். ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரை மணி நேர ஓய்வு, காலை 6.30 முதல் சூரியன் மறையும் வரை மட்டுமே வேலை, மாதம் 15ஆம் தேதிக்குள் முந்தைய மாதச் சம்பளம். இவை நான்கு கோரிக்கைகள். ஐந்தாவதுதான் எனக்கு வியப்பளிக்கிறது. வேலையில் காயம்பட்டவருக்குக் குணமாகும்வரை முழுச் சம்பளம் வேண்டும். நிரந்தரமாக ஊனமானால் அவர் பிழைக்க ஆலையே வழி செய்ய வேண்டும். இன்று மலேசியாவில் பெர்கேசோ தற்காலிக முடக்கத்துக்குத் தருவது சம்பளத்தில் 80 விழுக்காடு என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

மனு உடனே பலன் தரவில்லை. லோகாண்டே விடவில்லை. 1890 ஏப்ரலில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் கூடிய கூட்டத்தில் இரண்டு பெண் தொழிலாளர்களும் மேடையேறிப் பேசினார்கள். அதே ஆண்டு ஜூன் 10ஆம் தேதி ஆலை முதலாளிகள் சங்கம் வார விடுமுறைக்கு இசைந்தது. ஆனாலும் சிக்கல் தீரவில்லை. நின்றிருக்கும் இயந்திரத்தைத் துடைப்பதுதான் பாதுகாப்பு. அது நிற்பதோ விடுமுறை நாளில். அதனால் துடைக்கும் வேலைக்கு அன்று காலையில் தொழிலாளரை வரவழைப்பதும் உண்டு. ஓடும்போது துடைத்தால் கை போகும், நின்றபின் துடைத்தால் ஓய்வு போகும்.

லோகாண்டே தலைமை வகித்த பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்துக்கு முறையான உறுப்பினர் பட்டியலோ நிதியோ இல்லை. ஆகவே அதைத் தொழிற்சங்கம் என்று ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. அந்த வாதம் சரியாகவே இருக்கட்டும். சந்தாவே இல்லாத ஒரு சங்கம் ஞாயிறு விடுமுறையை வாங்கிக் கொடுத்தது என்பதும் உண்மைதான்.

1893 மதக் கலவரத்தின்போது அமைதிக்காக உழைத்த அவருக்கு அரசு ராவ் பகதூர் பட்டம் அளித்தது. பம்பாயைக் கொள்ளைநோய் தாக்கியபோது நோயாளிகளுக்காக மருத்துவமனை அமைத்துப் பணியாற்றினார். அதே நோய் அவரையும் தொற்றியது. 1897 பிப்ரவரி 9ஆம் தேதி காலமானார்.

இந்தியாவின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல்தான் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலை முதல் நடப்புக்கு வந்த அச்சட்டம், தற்காலிகமாக முடங்கிய தொழிலாளிக்கு வழங்கியது பாதிச் சம்பளம்.