உடற்கல்விக்கு ஒரு பக்

நூலறிவே கல்வி, விளையாட்டு வீண்பொழுது என்று எண்ணிய காலம் ஒன்று உண்டு. பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர் அதட்டி நடத்தும் ‘டிரில்’ என்றே அன்று பொருள். அந்நிலையை மாற்றக் கடல் கடந்து சென்னைக்கு வந்தவர் ஹாரி குரோ பக்.

பக் 1884ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். கூடைப்பந்து பிறந்த இடமும் அதுவே. நம் அந்தமான் தீவுகளில் இரு பருவமழையும் திடலை மூடுவதுபோல, அங்கே பனி மூடிவிடும். கூரையின் கீழ் ஆட ஓர் ஆட்டம் வேண்டியிருந்தது. 1891 டிசம்பரில் அங்கு ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித், 10 அடி உயரத்தில் பழக்கூடைகளை மாட்டி, 13 விதிகளையும் வகுத்தார். பந்தை ஏந்தி ஓடக்கூடாது, எதிராளியை இடிக்கக்கூடாது. முரட்டு வலிமைக்கு அங்கே மதிப்பில்லை, திறமைக்கே மதிப்பு.

அந்தக் கல்லூரியின் மரபில் வளர்ந்த பக், 1919இல் இந்தியா வந்தார். மறு ஆண்டே சென்னையில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்களுடன் தொடங்கிய அப்பள்ளியே இன்று நந்தனத்தில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியாக விளங்குகிறது.

வீரர்களை மட்டுமன்றி, ஆசிரியர்களை உருவாக்க அவர் முனைந்தது ஏன்? கூடைப்பந்தையே எடுத்துக்கொள்வோம். 28 மீட்டர் நீளக் களத்தில் 40 நிமிட ஆட்டம். பாய்ந்து ஓட வேண்டும். சட்டென நிற்க வேண்டும். ஒரு காலை ஊன்றி மறுகாலால் திரும்ப வேண்டும். சீராக நெடுந்தூரம் ஓடிப் பழகியவனுக்கும் இங்கே மூச்சு வாங்கும். பந்தைத் தட்டிச் செல்கையில் கண் பந்தின்மேல் இருந்தால், ஆளில்லாத இடத்தில் நிற்கும் தோழன் தெரியமாட்டான். குதித்து இறங்கும்போது முழங்கால் மடங்காவிட்டால் மூட்டு பழுதாகும். கால்கள் சோர்ந்த கடைசி நிமிடத்திலும் கை தடுமாறாமல் கூடையை நோக்கி எறிய வேண்டும்.

இத்தனையையும் அதட்டலால் கற்பிக்க முடியுமா? எலும்பும் தசையும் இயங்கும் முறை அறிந்து, எளியதிலிருந்து அரியதற்குப் படிப்படியாக அழைத்துச் செல்பவனே கற்பிக்க வல்லவன். உடற்பயிற்சி ஆசிரியனும் கற்றவனாக, ஏனைய ஆசிரியருக்கு நிகராக மதிக்கப்படுபவனாக இருக்க வேண்டும் என்பதே பக் நிலைநாட்டிய கொள்கை.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. அவ்வணியில் சி.கே. இலட்சுமணன் தடை தாண்டி ஓடினார். பதக்கம் கிட்டவில்லை. ஆயினும் பயிற்சியின்றி ஆர்வம் மட்டும் போதாது என்பதை நாடு உணர அப்பயணங்கள் வழிவகுத்தன.

1943இல் பக் மறைந்தார். அவர் நாட்டிய செடி மரமாயிற்று. அங்கே பயின்றோர் ஊர்தோறும் பள்ளித் திடல்களில் விசில் ஊதினர்.

மாணவ நண்பர்களே! தீவில் மழை விடாது பெய்கிறது, திடல் சேறாகிவிட்டது என்று நாம் சோர்வதற்கில்லை. வானம் வழிவிடாத நாளில் பிறந்த ஆட்டம் கூடைப்பந்து. நமக்கு வேண்டுவன ஒரு கூரை, ஒரு பந்து, முறையறிந்து கற்பிக்கும் ஓர் ஆசிரியர். இம்மூன்றில் மூன்றாவதே அரியது என்பதைத் தம் வாழ்வால் காட்டிச் சென்றவர் பக்.