இகழ்பெயரை அணியாக்கிய ரிசால்

பிலிப்பைன் மக்கள் தேசிய வீரராகப் போற்றும் ஹொசே ரிசால் 1861ஆம் ஆண்டு பிறந்தவர். கண் வைத்தியர், நாவலாசிரியர். 1882இல் ஐரோப்பா செல்லும் வழியில் நமது காலியிலும் கொழும்பிலும் இறங்கிச் சென்றவருங்கூட.

1887ஆம் ஆண்டு ஸ்பானிய அரசு மட்ரிட் நகரின் ரெத்திரோ பூங்காவிலே பிலிப்பைன் பொருட்காட்சியொன்றை நடத்திற்று. தீவுகளின் விளைபொருள்களோடு இகொரோத்தர் என்னும் மலைவாசிகளும் பிறரும் அங்கே காட்சிப்பொருளாயினர். நோயுற்றுச் சிலர் மாண்டனர். தம்மையும் மலைவாசியென உலகம் எண்ணிவிடுமே என நாணிய கற்றோரும் இருந்தனர். ரிசாலின் சினம் வேறு வகையானது. காட்டப்பட்டோரைத் தம் நாட்டவர் என்றே அவர் கருதினார். ஆஸ்திரிய நண்பர் புளூமென்திரித்துக்கு வரைந்த கடிதங்களில் அச்சினத்தைக் கொட்டினார்.

1889இல் பாரிஸ் உலகப் பொருட்காட்சிக் காலத்திலே, அமெரிக்கச் செவ்விந்தியரின் குதிரையேற்றத்தை மக்கள் ஆரவாரித்து வரவேற்பதைக் கண்டார். ஸ்பானியர் தம் மக்களை இகழ்ந்தழைத்த இந்தியோ என்னும் பெயரையே விரும்பி ஏற்று, இந்தியோஸ் பிராவோஸ், அதாவது வீர இந்தியர், என்றொரு சங்கம் அமைத்தார். ஸ்பானியர் வருமுன்னும் தம் மக்களுக்கு நாகரிகம் இருந்ததெனக் காட்ட, மோர்காவின் 1609ஆம் ஆண்டு வரலாற்று நூலைக் குறிப்புரையுடன் மறுபதிப்பித்தார். அவ்வுரையில் மிகைப்பாடு உண்டு, நோக்கமோ பழுதற்றது.

1896 டிசெம்பர் 30ஆம் நாள் ஸ்பானிய அரசு மணிலாவில் அவரைச் சுட்டுக் கொன்றது. 1904இல், புதிய ஆட்சியாளரான அமெரிக்கர், இகொரோத்தரைச் சென் லூயிஸ் பொருட்காட்சிக்குக் கொண்டுசென்றனர்.