புனைவுக்குள் பேசிய சிறுவன்

1824-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், லண்டனில் தேம்ஸ் நதிக்கரையோரம் எலிகள் மலிந்த பழைய கட்டடமொன்றில் இயங்கிய காலணி மை ஆலையில் 12 வயதுச் சிறுவன் ஒருவன் வேலைக்குச் சேர்ந்தான். மைக் குப்பிகளைத் தாளால் மூடிக் கட்டி, பெயர்ச் சீட்டு ஒட்டுவது அவனது பணி. சில நாள்களிலேயே அவனுடைய தந்தை, கடனைத் திருப்பிச் செலுத்தாததற்காக மார்ஷல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ்.

சிறையிலிருந்து மீண்ட தந்தை, பிறகு மகனை ஆலையிலிருந்து விடுவித்துப் பள்ளிக்கு அனுப்பினார். தாயோ அவன் வேலைக்குத் திரும்புவதையே விரும்பினார். அதை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவில்லை. புகழின் உச்சியிலும் அந்த மாதங்களைப் பற்றித் தம் பிள்ளைகளிடம்கூட அவர் பேசியதில்லை. 1840-களில் தன்வரலாறு எழுத முயன்று பாதியில் கைவிட்டார். அந்தக் குறிப்பைப் படித்த நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டருக்கு உண்மை தெரிந்திருந்தது.

தன் பெயரில் சொல்ல இயலாததை, 1849-இல் தொடராக வெளிவரத் தொடங்கிய 'டேவிட் காப்பர்ஃபீல்டு' நாவலில் வேறொரு பெயரில் சொன்னார். முழுவதும் 'நான்' என்று கதைநாயகனே பேசும் அவரது முதல் நாவல் அது. மை ஆலை அதில் மதுக் கிடங்காயிற்று. கடனாளித் தந்தையின் சாயல், சிறுவனுக்கு உறவினரல்லாத மிக்காபரிடம் குடியேறி வாசகரின் அன்பைப் பெற்றது. நாவலின் தாய், மகன் கிடங்குக்குப் போகுமுன்பே இறந்துவிடுகிறாள். வேலைக்கு அனுப்பிய பழி, கொடிய மாற்றாந்தந்தையின் மீது விழுகிறது.

இது உங்கள் சொந்தக் கதையா என்று நாவலாசிரியர்களிடம் கேட்பது வாசகர் வழக்கம். ஆம், இல்லை என்ற இரு விடைகளுமே பாதிதான் சரி. நடந்ததை டிக்கன்ஸ் அப்படியே எழுதவில்லை. தம்மால் தாங்கிக்கொள்ள இயலும் அளவுக்கு மாற்றி எழுதினார். அவருடைய மனத்தை நமக்குக் காட்டுபவை அந்த மாற்றங்களே. தந்தையை அவரால் சிரித்தபடி மன்னிக்க முடிந்தது. தாயின் செயலை, கற்பனைப் பாத்திரம் ஒன்றின் பெயரில்கூட எழுத முடியவில்லை.

நாயகன் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் தம் முதலெழுத்துகளின் தலைகீழ் வடிவம் என்பதையே, ஃபார்ஸ்டர் சுட்டிக்காட்டிய பிறகுதான் டிக்கன்ஸ் உணர்ந்து வியந்தார்.

1870 ஜூன் 9 அன்று அவர் மறைந்தார். பின்னர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு அந்த ரகசியத்தை வெளியிட்டது. அவருடைய பிள்ளைகளுக்கு அது புதிய செய்தி. ஆனால், அந்தச் சிறுவனோடு உலகம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே பழகியிருந்தது.