இரட்டைப் படத்தின் ரகசியம் கண்ட வீட்ஸ்டோன்

குட்டீஸ்! முதலில் ஒரு சின்ன வேலை. கட்டை விரலை முகத்துக்கு நேராக நீட்டிப் பிடியுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் மட்டும் பாருங்கள். பிறகு வலது கண்ணை மூடி, இடது கண்ணால் பாருங்கள். பின்னால் உள்ள சுவரில் விரல் இங்கும் அங்கும் குதிக்கிறது அல்லவா? விரல் அசையவே இல்லை. நம் கண்கள் இரண்டுக்கும் நடுவே 6 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருளை ஒவ்வொரு கண்ணும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது.

இது பழங்காலத்து அறிஞர்களுக்கும் தெரிந்ததுதான். ஆனால், இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே இருக்கிறது, எது எட்ட இருக்கிறது என்று மூளை கணக்குப் போடுகிறது என்பதைக் கருவி செய்து நிரூபித்தவர் சார்லஸ் வீட்ஸ்டோன்.

இவர் 1802-ம் ஆண்டு பிப்ரவரி 6-ம் தேதி, இங்கிலாந்தில் குளஸ்டர் நகரை அடுத்த பார்ன்வுட் என்ற ஊரில் பிறந்தார். இசைக்கருவி விற்கும் குடும்பம். அவருக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. சிறுவன் சார்லசுக்குக் கூச்சம் அதிகம். புத்தகப் பித்து அதைவிட அதிகம். கைக்காசைச் சேர்த்து, மின்கலம் செய்த வோல்ட்டாவைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றை வாங்கினாராம். பிரெஞ்சு தெரியாததால், பிறகு ஓர் அகராதியும் வாங்கினாராம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து மின்கலம் செய்யத் தொடங்கியபோது செம்புத் தகடு வாங்கப் பணம் இல்லை. அப்போது, மிச்சமிருந்த செம்புக் காசுகளையே தகடுகளாக அடுக்கிவிட்டார்கள் என்று அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள்.

பதினான்கு வயதில், இசைக்கருவி செய்யும் உறவினரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். 1821-ல் லண்டன் மக்களுக்கு ஒரு வேடிக்கை காட்டினார். யாழ் போன்ற ஒரு கருவி கூரையிலிருந்து கம்பியில் தொங்கும். அதன் அருகில் யாரும் இல்லை, ஆனால் இசை வரும்! மந்திரம் எதுவும் இல்லை. மேல்மாடி அறையில் ஒருவர் பியானோ வாசிப்பார். அந்த அதிர்வு கம்பி வழியாக இறங்கி வந்து கீழே ஒலிக்கும். பின்னாளில் கான்சர்டினா என்ற துருத்திக் கருவியையும் உருவாக்கினார்.

கல்லூரிப் பட்டம் இல்லாத இவரை 1834-ல் லண்டன் கிங்ஸ் கல்லூரி பேராசிரியராக நியமித்தது. ஆனால், கூட்டத்தின் முன் நின்று பேசுவது என்றால் இவருக்கு உதறல். இவருடைய ஆராய்ச்சிகளைப் பற்றி ராயல் இன்ஸ்டிடியூஷன் மேடையில் நண்பர் மைக்கேல் பாரடேதான் பல முறை எடுத்துச் சொன்னார். இவ்வளவு கூச்சம் உள்ள ஓர் ஆசிரியரா என்று எனக்கு வியப்பு!

1838-ம் ஆண்டு ஜூன் மாதம், ராயல் சொசைட்டியின் முன் இவருடைய கட்டுரை வைக்கப்பட்டது. அதில்தான் ஸ்டீரியோஸ்கோப் என்ற கருவி வந்தது. இரண்டு கண்ணாடிகளைப் புத்தகம் விரித்ததுபோல் நிறுத்தி, அவை சேரும் முனையை மூக்குக்கு எதிரே வைப்பார். இடப்பக்கம் ஒரு படம், வலப்பக்கம் ஒரு படம். இடது கண் அதன் பக்கத்துக் கண்ணாடியில் ஒன்றைப் பார்க்கும். வலது கண் மற்றதைப் பார்க்கும். மூளையோ இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தாளில் தட்டையாகக் கிடந்த கனசதுரம் எழுந்து நிற்கும்!

அவர் வரைந்தவை எல்லாம் வெறும் கோட்டுப் படங்கள். நிழல், வண்ணம் எதுவும் சேர்க்கவில்லை. ஏன் தெரியுமா? நிழல் இருந்தால், அதனால்தான் படம் எழும்பித் தெரிகிறது என்று யாராவது சொல்லிவிடலாம். அதற்கு இடமே வைக்கவில்லை. இந்தப் புத்திசாலித்தனம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

கனசதுரத்தை இரண்டு விதமாக வரைந்துவிடலாம். ஒரு மரத்தை, இலைக்கு இலை, இரண்டு இடத்திலிருந்து பார்த்து வரைய யாரால் முடியும்? அடுத்த ஆண்டே விடை வந்தது. 1839-ல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. வீட்ஸ்டோன் உடனே அதன் முன்னோடிகளில் ஒருவரான டால்பாட்டைக் கேட்டு, இரட்டைப் புகைப்படங்களை எடுக்க வைத்தார். முதலில் வந்த படங்களில் கேமரா நின்ற இரண்டு இடங்களுக்கும் இடையே கோணம் அதிகமாகிவிட்டது. அதைக் குறைக்கச் சொல்லி 1840-ல் கடிதம் எழுதினார்.

இனிதான் வம்பு. கலைடாஸ்கோப் செய்த டேவிட் புரூஸ்டர், 1849-ல் லென்ஸ் வைத்து, கையில் எடுத்துப் போகும்படி சிறிய ஸ்டீரியோஸ்கோப்பை அமைத்தார். 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் விக்டோரியா மகாராணி அதைப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு கேட்க வேண்டுமா? வீட்டுக்கு வீடு அதுவே! வீட்ஸ்டோனின் பெரிய கண்ணாடிக் கருவியை மக்கள் மறந்தார்கள். அத்தோடு விடாமல், இந்த எண்ணமே வீட்ஸ்டோனுக்குச் சொந்தமில்லை, எடின்பரோவில் எலியட் என்பவர் முன்பே நினைத்ததுதான் என்று புரூஸ்டர் வாதாடினார். 1856-ல் டைம்ஸ் பத்திரிகையில் கடிதச் சண்டையே நடந்தது. ஆனால், 1833-லேயே மேயோ என்ற மருத்துவர் தம் நூலில் வீட்ஸ்டோனின் கண்டுபிடிப்பைக் குறிப்பிட்டிருந்தார். அச்சில் வந்ததை யாரால் மறுக்க முடியும்?

வீட்ஸ்டோன் மட்டும் சண்டைக்கே போகாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். குக் என்பவரோடு சேர்ந்து 1837-ல் மின்சாரத் தந்திக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு யாருக்குப் பெருமை என்று இருவருக்கும் மனக்கசப்பு. நடுவர் வைத்துத் தீர்க்க வேண்டியதாயிற்று.

பெயர் விஷயத்தில் அவர் ராசியே விசித்திரம். மேல்நிலை வகுப்பில் நீங்கள் படிக்கப்போகும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று அவர் கண்டுபிடித்தது இல்லை! 1833-ல் அதை உருவாக்கியவர் கிறிஸ்டி. வீட்ஸ்டோன் 1843-ல் அதைப் பரப்பியபோது கிறிஸ்டியின் பெயரையும் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் இவர் பெயரே ஒட்டிக்கொண்டது. 1854-ல் இவர் அமைத்த ரகசிய எழுத்துமுறைக்கோ, அதைப் பலரிடமும் எடுத்துச் சொன்ன நண்பர் பிளேஃபேரின் பெயர் நிலைத்துவிட்டது.

1868-ல் சர் பட்டம் பெற்ற வீட்ஸ்டோன், 1875-ம் ஆண்டு அக்டோபர் 19-ம் தேதி பாரிஸ் நகரில் காலமானார்.

அவர் செய்ததை நீங்களும் செய்து பார்க்கலாம். அப்பா, அம்மாவிடம் செல்போனை வாங்கிக்கொள்ளுங்கள். அசையாத ஒரு பொருளை, பூந்தொட்டி என்று வைத்துக்கொள்வோம், இடது காலில் சாய்ந்து நின்று ஒரு படம் எடுங்கள். உடம்பை வலது காலுக்கு மாற்றி இன்னொரு படம். இரண்டையும் 6 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அச்சிட்டு, இடது படத்தை இடப்பக்கமும் வலது படத்தை வலப்பக்கமும் ஒட்டுங்கள். நடுவில் ஓர் அட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல் விளிம்பில் மூக்கை வைத்து, தொலைவில் எதையோ பார்ப்பதுபோல் பாருங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். இரண்டு படங்களும் நகர்ந்து வந்து ஒன்றாகும்போது பூந்தொட்டி முன்னால் வந்து நிற்கும்.

அது சரியாக வந்ததும், படங்களை இடம் மாற்றி ஒட்டிப் பாருங்கள். கிட்டே இருந்தது எட்டப் போகும், மேடு பள்ளமாகும். இந்தத் தலைகீழ் வேடிக்கைக்காகவே வீட்ஸ்டோன் 1852-ல் தனியாக ஒரு கருவி செய்திருக்கிறார்!