சல்லிவனும் உதகையின் பருவங்களும்

நீலகிரி மலைக்கு ஆண்டில் இருமுறை விருந்தினர் திரள்வர். சித்திரை, வைகாசித் திங்களில் சமவெளியின் கோடைக்கு அஞ்சி மலையேறி வருவோர் முதற்கூட்டத்தினர். 1896-ஆம் ஆண்டில் தொடங்கிய மலர்க்காட்சி அவர்களுக்கானது. தென்மேற்குப் பருவமழை தணிந்து, வடகிழக்குப் பருவமழை முழுமையாக இறங்கும் முன், புரட்டாசி, ஐப்பசி நாட்களில் வருவோர் இரண்டாம் கூட்டத்தினர். இப்பருவத்தை மலைமக்கள் இரண்டாம் சீசன் என்பர். மழையில் குளித்தெழுந்த புல்வெளிகள் பளிச்சிட, அரசினர் தாவரவியல் பூங்காவில் தொட்டி மலர்கள் அடுக்கடுக்காய் அணிவகுக்க, பிற்பகலில் பள்ளத்தாக்கிலிருந்து வெண்பனி மெல்ல ஏறிவரும் அழகு இப்பருவத்துக்கே உரியது. குன்னூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் பெர்சிமன் கனிகள் பொன்னிறம் கொள்வதும் இந்நாட்களில்தான்.

உதகையின் அங்காடிக்குச் சென்றால் பருவத்தின் மற்றொரு முகத்தைக் காணலாம். முட்டைக்கோசு, காரட், பீட்ரூட், நூக்கல், டர்னிப், உருளைக்கிழங்கு எனக் குவியல் குவியலாய்க் கிடப்பவை யாவும் சமவெளி மக்கள் இங்கிலீஷ் காய்கறி என்று பெயரிட்டழைப்பவை. இக்காய்கறிகளும், ஊர் நடுவே விரிந்த ஏரியும், சீசன் என்னும் வழக்கமும் இம்மலைக்குத் தொன்மையானவை அல்ல. மூன்றையும் பின்னோக்கித் தேடிச் சென்றால் வழி ஒருவரிடமே சென்று முடிகிறது. அவர் கோயம்புத்தூர் மாவட்டக் கலெக்டராய் இருந்த ஜான் சல்லிவன்.

1788-ஆம் ஆண்டு பிறந்த சல்லிவன், மீசை அரும்பும் வயதிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னை மாகாணப் பணியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து 1815-இல் கோயம்புத்தூரின் கலெக்டரானார். அவரது ஆட்சி எல்லையின் வடமேற்கே மேகத்தை முட்டி நின்ற நீலமலை, வரைபடத்தில் இடம்பெற்றிருந்தும் ஆட்சியாளர் அறியாத நிலமாகவே இருந்தது. 1812-இல் நில அளவையர் சிலர் ஏறிச் சென்றனர். 1818-இல் அவரது உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மலைமேல் சென்று திரும்பி, அங்கே நிலவும் குளிர்ச்சியைப் பற்றி வியப்போடு எடுத்துரைத்தனர். தாமே கண்டறிய விரும்பிய சல்லிவன் 1819 ஜனவரியில் மலையேறினார். கோத்தகிரிக்கு அருகில் உள்ள திம்பட்டியை அவர் அடைந்தபோது, வெப்பநாட்டின் நடுவே உறைபனி பெய்யும் ஒரு நிலம் அவர் கண்முன் விரிந்தது.

அவ்வாண்டிலேயே அவர் மீண்டும் ஏறினார். பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ அப்பயணத்தில் உடன் வந்தார். நோயுற்று நலிந்திருந்த அவ்வறிஞர் மலைக்காற்றில் உடல்தேறியதோடு பல செடிகளையும் சேகரித்தார். நலம்பெறும் இடம் என்ற புகழ் நீலகிரிக்கு வாய்த்ததற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு தொடக்கம் எனலாம். கண்ணேரிமுக்கில் சல்லிவன் ஒரு மாளிகை கட்டினார். 1820-இல் அவர் மணந்த ஹென்றியேட்டா, இம்மலைக்கு வந்த முதல் ஐரோப்பியப் பெண்மணி எனக் கருதப்படுகிறார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பகுதிக்கு அமைக்கப்பட்ட மலைப்பாதை 1823-இல் நிறைவுற்றது. அதன்வழியே பொதிமாடுகளும் பல்லக்குகளும் ஏறலாயின.

சல்லிவன் வந்தபோது மலை ஆளற்றுக் கிடக்கவில்லை. தோடர் எருமை மேய்த்துப் பாலும் நெய்யும் தந்தனர். கோத்தர் கொல்லுத்தொழிலும் மட்பாண்டமும் இசையும் வல்லவராய் இருந்தனர். படகர் ராகியும் சாமையும் விளைத்தனர். குறும்பரும் இருளரும் தேன் முதலிய காடுபடு பொருள்களைக் கொணர்ந்தனர். காசு கைமாறாமலேயே இவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் நடந்தது. கோத்தர் வடித்த கத்திக்கும் அரிவாளுக்கும் அறுவடைக் காலத்தில் படகர் தானியம் அளந்தனர். அன்று சந்தைக்குக் குறித்த கிழமை இல்லை. விளைச்சலே நாள் குறித்தது. மார்கழி, தைத் திங்களில் படகர் தம் குலத்தாய் ஹெத்தைக்கு எடுக்கும் விழாவும், அதே குளிர்நாட்களில் கோத்தர் கம்பட்டராயருக்கு எடுக்கும் விழாவும் இம்மலையின் பழைய பருவக் கணக்கை இன்றும் நினைவூட்டுகின்றன.

கோத்தகிரிக்கு மேற்கே, தொட்டபெட்டாவின் அடிவாரத்தில் தோடரின் மந்து ஒன்று இருந்த பள்ளத்தாக்கு சல்லிவனின் உள்ளத்தைக் கவர்ந்தது. அவ்விடமே பின்னர் உதகமண்டலம் ஆயிற்று. தோடரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் பெற்று, 1822-இல் அங்கு ஒரு வீடு கட்டத் தொடங்கினார் என்பர். உள்ளூர் மக்கள் அதனைக் கல்பங்களா என்றனர். அதனைச் சூழ்ந்த தோட்டத்தில், ஸ்காட்லாந்திலிருந்து வந்த தோட்டக்காரர் ஒருவரின் துணையோடு ஐரோப்பியக் காய்கறிகளும் கனிமரங்களும் பயிராயின. படகர் வயல்களில் சாமைக்கும் ராகிக்கும் அருகே உருளைக்கிழங்கும் மெல்ல வேரூன்றியது. தொட்டபெட்டாச் சரிவிலிருந்து இறங்கிய ஓடைகளை மறித்து 1823 முதல் 1825 வரை ஏரி அமைக்கப்பட்டது. படகோட்டி மகிழ்வதற்காக அன்று, பாசனத்துக்கு நீர் தேக்கும் நோக்கிலேயே அது திட்டமிடப்பட்டது.

சில ஆண்டுகளில் ஊர் வளர்ந்தது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1826-இல் வந்து பார்த்துச் சென்றார். அடுத்து வந்த ஆளுநர் லஷிங்டன் உதகையைப் படைவீரர்களின் நலவாழ்விடமாக்கினார். 1829-இல் அவர் அடிக்கல் நாட்டிய புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு, ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்த மரங்கள் மலையேற்றப்பட்டன. ஊர் செழித்தது, ஆனால் ஊரை உருவாக்கியவருக்கும் ஆளுநருக்கும் இடையே பிணக்கு மூண்டது. 1830-இல் உதகையை உள்ளடக்கிய மேற்குப்பகுதி கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலபார் மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. சல்லிவனின் கலெக்டர் பணியும் அவ்வாண்டோடு முடிந்தது.

பிணக்கின் வேர்களுள் ஒன்று நிலம். இம்மலையின் நிலத்துக்குத் தோடரே முழு உரிமையாளர் என்பதும், அவர்களுக்கு ஈடு தராமல் ஒரு சாண் நிலத்தையும் அரசு எடுத்தல் தகாது என்பதும் சல்லிவனின் உறுதியான கொள்கை. எருமை மேய்ப்போருக்கு மேய்ச்சல் உரிமையன்றி நிலவுரிமை ஏது என்பது மறுதரப்பின் வாதம். அதிகாரத்தில் இருந்தோர் மறுதரப்பையே ஏற்றனர். நடுநிலையாக நோக்குவோர் வேறொன்றையும் மறைக்க இயலாது. தோடரின் உரிமைக்காக வாதாடிய சல்லிவனே உதகையில் மிகப்பெரும் நிலக்கிழாராகவும் விளங்கினார். தோடருக்கு நிலம் விலைப்பொருள் அன்று. அது எருமை உலவும் இடம், முன்னோர் உறையும் இடம். அதற்கு ஒரு ரூபாய் விலை வைத்ததன் வாயிலாக அவர்களது உரிமையை ஏற்றவரும் அவரே, அவ்வுரிமை கைமாறும் வாயிலைத் திறந்தவரும் அவரே. இம்முரண் அவரது நல்லெண்ணத்தைப் பொய்யாக்கவில்லை. நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதையே காட்டுகிறது.

தாயகம் சென்றிருந்த சல்லிவன் 1835-இல் திரும்பி வருவாய் வாரியத்தில் உயர்பதவி ஏற்றார். பதவி உயர்ந்த அக்காலத்திலேயே பேரிடியும் விழுந்தது. 1838-இல் மனைவி ஹென்றியேட்டாவையும் மகள் ஹாரியட்டையும் அவர் இழந்தார். புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருவரும் துயில்கின்றனர். எண்ணற்றோர் நலம்பெற வந்த மலை, அதனைக் கண்டறிந்தவரின் குடும்பத்தைக் காக்கவில்லை. 1841-இல் அவர் இந்தியாவை நீங்கினார்.

இங்கிலாந்து சென்ற பின்னரும் அவர் வாளாவிருக்கவில்லை. கம்பெனியின் சாசனம் புதுப்பிக்கப்பட்ட 1853-ஆம் ஆண்டளவில் அதன் ஆட்சிமுறையை வெளிப்படையாகக் கண்டித்தார். இந்தியாவின் செல்வம் இங்கிலாந்துக்கு உறிஞ்சப்படுவதை எடுத்துக்காட்டினார். நாட்டு மக்களுக்கு உயர்பதவிகள் தரப்படாமையை எதிர்த்தார். கம்பெனியின் ஊதியத்தில் வாழ்ந்த ஒருவர் அதன் பேராசையைக் கண்டித்து எழுந்தது அரிய செயலாகும். 1855 ஜனவரியில் அவர் மறைந்தார். உதகையில் அன்று, இங்கிலாந்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இட்ட வித்துக்கள் அவர் எண்ணாத வடிவங்களில் வளர்ந்தன. 1848-இல் வந்த மெக்ஐவர் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார். செவ்வாய்க்கிழமைகளில் கூடிவந்த உதகைச் சந்தை பழைய பண்டமாற்றை விழுங்கிற்று. கோத்தரின் கத்திக்கு இரும்புக்கடை ஈடாயிற்று; படகரின் தானிய வயல் உருளைக்கிழங்குக்கும் பின்னர்த் தேயிலைக்கும் மாறிற்று. 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய மலை இரயில், சீசனைச் செல்வரோடு நிறுத்தாமல் எளியோருக்கும் உரியதாக்கிற்று. ஏரியின் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுக் குதிரைப்பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் எழுந்தன. தோடரின் புல்வெளிகளில் யூகலிப்டசும் சீகையும் காடாயின.

கண்ணேரிமுக்கில் அவர் கட்டிய மாளிகை 2002-இல் புதுப்பிக்கப்பட்டு நினைவகமாயிற்று. 2022-இல் உதகை தன் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியபோது அவருக்குச் சிலையும் எழுந்தது. ஊரை அமைத்தவர் என்ற முறையில் இச்சிறப்புகள் பொருத்தமானவையே. எனினும், இம்மலை அதன் மக்களுக்கே உரியது என்ற அவரது தோற்றுப்போன வாதமே அவர் வாழ்வில் நினைவுகொள்ளத்தக்க பெரும்பகுதி.

இரண்டாம் சீசன் முடியும் தறுவாயில், நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள் வருகிறது. நீலகிரியின் கல்லறைத் தோட்டங்களில் அன்று சாமந்தியும் மெழுகுவர்த்தியும் ஒளிரும். சல்லிவனின் கல்லறை பன்னாயிரம் காதம் அப்பால் எனத் தோன்றும் தொலைவில் இருக்கிறது. ஹென்றியேட்டாவும் ஹாரியட்டும் மட்டும், அவர் கண்டறிந்த மலையின் பனியில், பருவந்தோறும் பூக்கும் மலர்களுக்கிடையே துயில்கின்றனர்.