மீனுக்கும் வழி கேட்ட டாக்டர்: யார் இந்த பிரான்சிஸ் டே?

நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது வடக்குத்து. சென்னைக்குப் போகும் வீராணம் தண்ணீர் இங்கேதான் சுத்திகரிக்கப்படுகிறது. அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது? கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் நிற்கும் கீழணையிலிருந்து, வடவாறு வழியாக. 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டிய அணை. அதனால் வயலுக்கு வழி கிடைத்தது, இன்று சென்னைக்கும் கிடைத்திருக்கிறது. ஆனால் கடலிலிருந்து ஆறு ஏறி வந்த மீனுக்கு? அந்தக் கேள்வியை அரசிடம் கொண்டுபோனவர்தான் பிரான்சிஸ் டே.

ராணுவ டாக்டர் மீனுக்கு வந்த கதை

1829-ல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் பிறந்தவர். 1852-ல் மதராஸ் ராணுவத்தில் டாக்டராகச் சேர்ந்தார். கொச்சியில் வேலை பார்த்தபோது மீன்கள் மீது ஆர்வம் வந்தது. 1865-ல் மலபார் மீன்கள் பற்றிப் புத்தகம் போட்டார். சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த டிரவுட் மீனை நீலகிரியில் வளர்க்கப் பார்த்தார், பலிக்கவில்லை.

அணையில் என்ன பிரச்சினை?

உல்லம் மீன் கடலில் வளரும். வங்காளத்தில் இதுதான் ஹில்சா. ஆற்றில் வெள்ளம் வந்ததும் எதிர்நீச்சல் போட்டு மேலே போய் முட்டையிடும். குஞ்சுகள் ஆற்றில் கொஞ்ச காலம் வளர்ந்து கடலுக்குத் திரும்பும். குறுக்கே சுவர் வந்தால் தாய் மீன் அடியிலேயே தேங்கி நிற்கும், வலைக்காரர்களுக்கு அது சுலபமான வேட்டை. இன்னொரு பக்கம், வாய்க்காலிலும் வயலிலும் ஒதுங்கும் குஞ்சுகளைக் கூடை கூடையாக அள்ளிவிடுவார்கள்.

டே இதையெல்லாம் ஆய்வு செய்து 1873-ல் அறிக்கை வெளியிட்டார். அணையில் மீன் ஏற வழி விடணும், சின்னக் கண் வலையைக் கட்டுப்படுத்தணும், ஓடையை அடைத்து வைக்கும் பொறிகளை எடுக்கணும் என்பது அவர் வாதம். ஏன்னா, ஆத்து மீன் ஏழைகளின் சாப்பாடு.

பலன் கிடைத்ததா?

உடனே இல்லை. 1877-ல் ஓய்வு பெற்ற டே, 1889-ல் செல்டன்ஹாமில் இறந்தார். எட்டு வருஷம் கழித்து, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை அது தடை செய்தது. வலைக்கண் அளவையும் நிலைப்பொறிகளையும் கட்டுப்படுத்த மாகாண அரசுகளுக்கு அதிகாரம் கொடுத்தது.

பிற்பாடு கொள்ளிடத்தில் மீன் ஏணியும் கட்டினார்கள். உல்லம் அதில் ஏறவில்லை. சால்மன் துள்ளித் தாவும் மீன், உல்லம் அப்படித் தாவாது. 1934-ல் மேட்டூர் அணை வந்ததும், மீனைக் கூப்பிடும் காவிரி வெள்ளமும் குறைந்துபோனது.

வழி கேட்டதில் டே சொன்னது சரி. ஆனால் சுவரில் படி வைத்தால் மட்டும் போதாது. அந்த மீன் எப்படி நீந்தும், எந்தத் தண்ணீரைப் பார்த்து வரும், குஞ்சு எங்கே ஒதுங்கும் என மூன்றையும் சேர்த்துப் பார்க்கணும். கீழணை கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.